ஓட்டைக் குடம்

அம்பையிலிருந்து கல்லிடைக்குறிச்சி போகிற ரோட்டில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடை. போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் அங்கே வண்டியோடு வந்து நின்றான். யாரோ ஏழெட்டு வருஷம் ஓட்டிய சின்ன கார். இவன் கைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

“மாமா, பாட்டுல பேஸே இல்ல. பாடுதவரு எங்க நின்னு பாடுதாருன்னே தெரிய மாட்டேங்கு. பதினஞ்சாயிரம் வச்சிருக்கேன். ஆயிரம் வாட்ல ஒரு சப்வூஃபர் போட்டுருவமா?”

ரெண்டு டீ சொன்னேன். சின்ன வயசில் மைக் செட் போடுகிற ஒருவருக்கு ஒயர் சுற்றிக் கொடுத்து, கோயில் கொடை கொடையாகத் திரிந்தவன் நான். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டுதான் வீட்டில் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள்.

முதலில் இந்த வாட் கதையை முடித்துவிடுவோம் என்றேன். என்ஜின் ஓடும்போது வண்டியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்டீரியோவுக்குள் இருக்கிற குட்டி ஆம்ப்ளிஃபயருக்கு அதற்கு மேல் எங்கே போவது? 4 ஓம் ஸ்பீக்கரை வைத்துக் கணக்குப் போட்டால், அலை கெடாமல் ஒரு சேனலுக்கு 26 வாட்டோடு சரி. கையில் வந்து சேர்வது இருபதுக்கு முன்னே பின்னே. அப்புறம் அட்டையில் ‘50 × 4’ என்று எப்படிப் போடுகிறார்கள்? வால்யூமை முழுக்கத் திருகி, அலையின் தலையும் காலும் மொட்டையாகிச் சதுரமாக நிற்கும்போது அளந்தால் அந்த 50 வரும். அந்த நிலையில் எஸ்.பி.பி. பாடினாலும் தகரம் உரசுகிற மாதிரிதான் கேட்கும். அதனால் அட்டையில் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கிற சின்ன எண்ணைத் தேடு, பெரிய எண்ணைக் கையால் மறைத்துக்கொள் என்றேன்.

வாட்டைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு, கடைக்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை. சென்சிட்டிவிட்டி. ஒரே பவரைக் கொடுத்தால் எந்த ஸ்பீக்கர் அதிகம் சத்தம் போடுகிறது என்கிற அளவு. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்ளிஃபயரின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். நம்மைப் போலத் தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கக் காசில்லாதவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பவர் ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். காசைக் கொட்டி வாட் ஏற்றுவது ஆற்றில் புளி கரைக்கிற வேலை.

“சரி மாமா, பேஸுக்கு என்ன வழி?”

வில்லுப்பாட்டில் குடம் தட்டுகிறவரைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். கொடை விழாவில் பார்த்திருக்கிறான். அந்தக் குடத்துக்குள் அடைபட்ட காற்றுதான் ‘கும்’மென்று பேசுகிறது. விரிசல் விட்ட குடத்தை யாராவது வில்லடிக்கு எடுத்து வருவார்களா? ஆனால் காரில் நாம் ஓட்டைக் குடத்தில்தான் ஸ்பீக்கரை மாட்டுகிறோம். உன் வண்டியின் கதவு பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார். உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய திறப்புகள் இருக்கும், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்று இழுபடும். முன்சத்தமும் பின்சத்தமும் ஒன்றுக்கொன்று எதிர். பின்சத்தம் அந்தத் திறப்புகள் வழியாக நழுவி முன்னால் வந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து கழிந்து போகும். முதலில் காணாமல் போவது பேஸ்தான்.

வெளித்தகடோ கல்லிடைக்குறிச்சி அப்பளம். விரலால் சுண்டினால் ‘டங்’கென்று அதிரும். அதற்குத்தான் டாம்பிங் ஷீட் என்று ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் அலுமினியமுமாகக் கறுப்பு ஷீட் விற்கிறது. வெளித்தகட்டின் உள்பக்கம் கொஞ்சம் ஒட்டி உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும்; முழுசாக மூட வேண்டியதில்லை. உள்தகட்டின் திறப்புகளைத்தான் ஒன்று விடாமல் மூட வேண்டும். ஆனால் கதவின் அடிவிளிம்பில் இருக்கிற குட்டித் துளைகளைத் தொடாதே. கண்ணாடி இடுக்கு வழியே இறங்குகிற மழைத் தண்ணீர் வடிவது அதில்தான். அதையும் ஒட்டி அடைத்துவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் உன் கதவு தொட்டியாகிவிடும்.

பருப்பு வடை வந்தது. பதினைந்தாயிரத்தை நான் இப்படித்தான் பிரிப்பேன்: முன்கதவுகளுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நாலிலிருந்து ஐயாயிரம். அந்தக் கதவுகளின் ஓட்டை அடைப்புக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். ஒயர், ஸ்பீக்கரை உட்காரவைக்கிற வளையம், கூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம். ஸ்டீரியோவில் ப்ளூடூத் இருந்தால் அதை மாற்றவே மாற்றாதே. மிச்சக் காசு பையிலேயே இருக்கட்டும். மூணு மாசம் கேட்டுவிட்டு, அப்புறமும் அடிவயிற்றுச் சத்தம் போதவில்லை என்றால் சீட்டுக்கடியில் வைக்கிற சின்ன வூஃபரைப் பற்றி யோசிக்கலாம். கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் இந்த வரிசை மாறக் கூடாது.

பின்சீட்டுக்கு மேல் பலகையில் ‘ஆறுக்கு ஒன்பது’ ஓவல் ஸ்பீக்கர் வைக்கிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப. எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பாடகரை முதுகுக்குப் பின்னால் நிற்கவைப்பார்களா?

ஸ்பீக்கர் வாங்கும்போது ஒரு காரியம் செய். கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் மேக்னட் அதில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடு. வண்டியின் ஒயரை வெட்டவும் விடாதே. அந்தந்த வண்டிக்கென்றே கப்ளர் கிடைக்கிறது; இந்தப் பக்கம் சொருகி அந்தப் பக்கம் சொருகினால் வேலை முடிந்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் காருக்கு ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயர் போட்டார்கள். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் சுற்று, ஃபியூஸ் என்ற பேச்சே இல்லை. சேரன்மகாதேவி தாண்டும்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஒயரின் தோல் உருகிப் பாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்றைக்காவது நீ ஆம்ப்ளிஃபயர் போட்டால், பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபயரை அல்ல, ஒயரை. ஒயரும் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியதும் அதே தடிமனில் அதே நிறத்தில் விற்கிறது. கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

(எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பாபநாசம் செக்போஸ்ட்டோடு நிறுத்திவிடு என்றும் சொல்லிவைத்தேன். அதற்கு மேல் களக்காடு முண்டந்துறை, 1988இல் புலிகள் காப்பகமான காடு.)

இவ்வளவும் பேசிய பிறகுதான் அவன் முதலில் சொன்னது மனசில் திரும்பியது: பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. பேஸ் மட்டும் குறைந்தால் ஓட்டையென்று விடலாம். குரலும் நடுவில் நிற்காமல் கலைகிறது என்றால் வேறு சந்தேகம் வரும். கடைக்காரரிடம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி அதிலிருந்த பென்சில் செல்லை வாங்கினேன். ஸ்டீரியோவை இழுத்துக் கப்ளரை உருவினோம். கதவின் ஸ்பீக்கர் மூடியையும் கழற்றினான். வெள்ளையும் கறுப்புக்கோடு போட்ட வெள்ளையும் முன்இடது ஸ்பீக்கர். கோடு இல்லாத ஒயருக்குச் செல்லின் பிளஸ், கோடு போட்டதற்கு மைனஸ், ஒரு நொடி தொட்டு எடுத்தேன்.

“என்னடே ஆச்சு?”

“டப்புன்னு வெளிய வந்துச்சு மாமா.”

அடுத்து சாம்பல் ஜோடி, முன்வலது. தொட்டேன்.

“இது உள்ள போகுது!”

ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவரோ, அவருக்கு மாட்டிக் கொடுத்தவரோ ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சாம்பல் ஒயர் இரண்டையும் இடம் மாற்றிக் கப்ளரைச் சொருகினோம். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டான். பேஸ் கிட்டார் தனியாக நடந்து வந்தது, குரல் டேஷ்போர்டின் நடுவில் நின்றது. இரண்டாவது சரணம் வரை அவன் பேசவில்லை.

“அப்போ பதினஞ்சாயிரம்?”

கதவு ஓட்டை அப்படியே இருக்கிறதே என்றேன். அதற்குள் கடைக்காரர் கையில் வெறும் கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். மணி பத்தே முக்காலில் நின்றிருந்தது. செல்லைத் திருப்பிக் கொடுத்தேன்.