மேப்பிள் மரமும் அதன் நிழலும்

ஸ்ரீநகருக்குச் சென்று திரும்பும் நம்மவர் பலர், புத்தகத்தின் இடையே ஒரு சிவந்த இலையை வைத்துக் கொண்டுவருவர். விரல் விரித்த கைபோன்ற அவ்விலையைக் காட்டி, "இது மேப்பிள் இலை" என்பர். கனடா நாட்டின் கொடியில் 1965-ஆம் ஆண்டு முதல் மேப்பிள் இலை இடம்பெற்றிருப்பதால், அவ்வடிவத்தை எங்குக் கண்டாலும் அப்பெயரே நினைவுக்கு வருகின்றது. ஆனால் காஷ்மீரத்தில் அவர்கள் பொறுக்கிய இலை பெரும்பாலும் சினார் மரத்தினது. இரண்டும் பெருமரங்கள், இரண்டும் நல்ல நிழல் தருவன, ஆயினும் குலமுறையில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. வீட்டு முற்றத்தில் மரம் வைக்க எண்ணுவோர் இவ்வேறுபாட்டை அறியாவிடின் பணமும் சில ஆண்டுகளும் வீணாகும். அவ்வாறு வீணாக்கியவர்களுள் யானும் ஒருவன்.

தில்லியில் குடியிருந்த காலத்தில், மலைநகர் ஒன்றிலிருந்த நாற்றுப்பண்ணையில் மேப்பிள் கன்று ஒன்றை வாங்கிவந்து வாயிலில் நட்டேன். குளிர்காலம் இரண்டும் அதற்கு இதமாகவே இருந்தன. வைகாசியில் வீசும் அனற்காற்றைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கின. மூன்றாம் கோடையில் கன்று பட்டுப்போயிற்று. நாற்றுக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் விற்றது மேப்பிள்தான். எந்த மேப்பிள் என்று கேளாதது என் பிழை.

முதலில் மரத்தை அடையாளம் காணும் வகையைக் கூறுகிறேன். இலையின் வடிவை நம்பவேண்டா. கொம்பில் அது அமைந்துள்ள முறையைப் பாருங்கள். எருக்கிலும் புன்னையிலும் இலைகள் எதிரெதிராக இணை இணையாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். மாவிலும் ஆலிலும் அவை மாறி மாறி ஒவ்வொன்றாக நிற்கும். மேப்பிள் எருக்கைப் போன்றது. சினார் மாவைப் போன்றது. இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் மொட்டுகளைக் கொண்டு இதனைக் கண்டுகொள்ளலாம். அடுத்த அடையாளம் காய். மேப்பிளின் காய்கள் இரண்டிரண்டாக ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சிறகுடன் இருக்கும். முருங்கை விதைக்கு மூன்று சிறகு, இதற்கோ ஒன்றே. ஆகையால் கீழே விழும்போது நேராக விழாமல் பம்பரம்போல் சுழன்றுகொண்டே வரும். சினாரின் காய் நூலில் கோத்த உருண்டைபோல் தொங்கும். அதன் பட்டையும் செதில் செதிலாக உரிந்து, அடிமரம் வெளுத்த திட்டுகளுடன் காணப்படும்.

மேப்பிள் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று கருதவேண்டுவதில்லை. தாவரநூலார் இன்று அதனைப் பூந்திக்கொட்டையின் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். தேராதூனில் பெயர்பெற்ற லிச்சியும் அக்குடும்பமே. நம் வீடுகளில் ரசத்திலும் தோசையிலும் சேர்க்கும் முடக்கத்தான் கொடியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றால் வியப்பாக இருக்கும்.

மேப்பிள் இனங்கள் உலகில் நூற்றுக்கு மேல் உள்ளன. நம் நாட்டில் அவை இமயமலைச் சாரலில், காஷ்மீரம் முதல் அருணாசலம் வரை, பரவியுள்ளன. இவற்றுள் ஏசர் சீசியம் என்பது ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும் பெருமரம். அகன்ற, பிளவுபட்ட இலையை உடையது. இலையுதிர் காலத்தில் நிறம் மாறும். சிம்லாவின் மேட்டுப் பகுதிகளில் வாழ்வோர் இதனை நடலாம். கீழே இறக்கினால் என் கன்றுக்கு நேர்ந்ததே நேரும். சிக்கிம் நாட்டில் 1848-49-இல் பயணம் செய்த தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர், மலைவாசிகள் மேப்பிள் முதலிய மரங்களின் வேரில் தோன்றும் முடிச்சுகளைக் கடைந்து கிண்ணம் செய்வதைக் குறித்துள்ளார்.

தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் வாழும் நேயர்களுக்கு உரியது ஏசர் ஒப்லாங்கம் என்னும் இனம். தேராதூனைச் சுற்றிய மலையடிவாரத்து ஓடைக்கரைகளில் இது இயல்பாகவே வளர்கின்றது. இதனைப் பார்த்தவுடன் மேப்பிள் என்று எவரும் சொல்லமாட்டார். ஏனெனில் வளர்ந்த மரத்தின் இலையில் பிளவே இல்லை. நீண்டு, கூர்நுனியுடன், மேற்புறம் பளபளப்பாகவும் அடிப்புறம் வெண்சாம்பல் பூத்தும் இருக்கும். அடியிலிருந்து மூன்று நரம்புகள் பிரியும். இளங்கன்றில் மட்டும் சில இலைகள் மூன்றாகப் பிளவுபட்டுத் தம் குலத்தைக் காட்டும். ஆண்டு முழுவதும் பெரும்பாலும் பசுமையாக இருப்பதால் சினாரைப்போல் செந்தீயாகக் கனலும் காட்சியை இதனிடம் எதிர்பார்க்க இயலாது. இளந்தளிர் செம்பு நிறமாக வரும், அழகு அவ்வளவே. நிழலுக்காக மரம் வைப்பவருக்கு அது போதும் என்பது என் கருத்து.

காய் பழுப்பேறி முற்றியதும் சேகரித்து உடனே விதைத்தல் நலம். காயவிட்டால் முளைப்புத் திறன் குன்றும். உயர்ந்த மலையில் வளரும் இனங்களின் விதைகளோ குளிரில் சில மாதம் கிடந்தாலன்றி முளையா. அவற்றை ஈரமணலில் கலந்து குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்துப் பின்னர் விதைக்கலாம். சினாரைக் குளிர்காலத்தில் வெட்டிய கொம்புகளால் எளிதில் பெருக்கலாம். மேப்பிள் கொம்பு அவ்வளவு எளிதில் வேர்விடாது.

குழியை ஆழமாக்குவதினும் அகலமாக்குவதே முக்கியம். வேரும் அடிமரமும் கூடும் இடம் தரைமட்டத்திற்குக் கீழே புதைந்துவிடக் கூடாது. மண் ஈரம் காக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கலாகாது. மேப்பிளின் வேர்கள் பெரும்பாலும் மேலோட்டமாகவே பரவுவன. ஆகவே சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் பத்து மீட்டரேனும் தள்ளி நடுங்கள். அதன் நிழலில் புல்தரை செழிக்கும் என்றும் எண்ணவேண்டா. அடியைச் சுற்றிச் சருகு பரப்பி வைப்பதே தக்கது. சருகு அடிமரத்தைத் தொடலாகாது.

இனி, பலரும் கவனியாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இலைகள் எதிரெதிராக அமைவதால் மொட்டுகளும் அவ்வாறே அமைகின்றன. உச்சிக்கொழுந்தை ஆடு கடித்தாலும் காற்று முறித்தாலும், அதன் கீழுள்ள இரு மொட்டுகளும் ஒருங்கே எழுந்து சமவலிமையுள்ள இரு கிளைகளாகிவிடும். இளமையில் அது கவையாக அழகாகவே தோன்றும். மரம் பருத்த பின் அக்கவையின் இடுக்கில் பட்டை உள்மடிந்து, இணைப்பு வலுவிழக்கும். இருபது ஆண்டுக்குப் பின் ஒரு புயலிரவில் மரம் நடுவே பிளந்து கூரைமேல் விழக்கூடும். ஆதலால் கன்று ஆளுயரம் இருக்கும்போதே இரண்டில் ஒன்றை நீக்கி, ஒரே தலைக்கொம்பை வளரவிடவேண்டும். குளிர்கால முடிவில் வெட்டினால் சாறு வெகுவாக ஒழுகும். இலை முதிர்ந்த பின் கோடையில் வெட்டுக. இச்சாற்றின் நினைவில் சிறுவர் பாகு காய்ச்ச விரும்பக்கூடும். அது வட அமெரிக்கச் சர்க்கரை மேப்பிளின் சாறு. அதிலும் ஒரு லிட்டர் பாகுக்கு நாற்பது லிட்டர் சாறு வற்றவேண்டும்.

தில்லி, கான்பூர், நாகபுரி போன்ற வெப்பநகரங்களில் வாழ்வோருக்கு மேப்பிளை யான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கு வேம்பும் நாவலும் மருதும் இருக்கின்றன. சினாருக்கும் காஷ்மீரக் குளிர்தான் உகந்தது. அதனைக் காக்க அங்கு 1969-இல் சட்டமே இயற்றப்பட்டது.

நம்மவரில் பலர் அலுவல் மாற்றத்தால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறுபவர். கன்று நட்டபின் மாற்றலாணை வந்தால், அடுத்துக் குடிவருபவரிடம் இரு செய்திகளைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்: முதல் மூன்று கோடைக்கு வாரம் இருமுறை வேர்நனைய நீர், உச்சி இரண்டாகப் பிரிந்தால் ஒன்றை வெட்டுதல்.