காகிதத்தில் ஒரு பாவாடை

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்க்குக் கறிவேப்பிலையும் காப்பிப்பொடியும் கிடைப்பது அரிதன்று. பாவாடை தைத்துக்கொள்வதுதான் இடர்ப்பாடு. சில ஆண்டுகளுக்கு முன், பாட்டி காஞ்சிபுரத்திலிருந்து பேத்திக்கு அனுப்பிய கரைப்பட்டை, நவராத்திரி நெருங்கிவிட்ட அவசரத்தில், அளவை மட்டும் கூறித் தையற்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அவர் தமக்குப் பழகிய முறையில் ஆறு சரிவுத் துண்டுகளாக வெட்டிவிட்டார். நேரே ஓட வேண்டிய சரிகைக் கரை ஆறு இடங்களில் முறிந்து நின்றது. எவ்வகைப் பாவாடை வேண்டுமென்று நாம் வரைந்து காட்டவில்லையே!

கரை வைத்த பட்டுப் பாவாடைக்குச் சரிவு ஆகாது. இடைச்சுற்றைப் போல் இரண்டரை மடங்கு அகலமுள்ள நீள்சதுரத் துணியை மேலே சுருக்கிப் பட்டியில் சேர்த்தால் போதும். கீழே உள்மடிப்பு வைத்துத் தைத்தால், குழந்தை வளர வளரப் பிரித்துவிடலாம்.

சேலைக்குள் உடுத்தும் பாவாடை வேறு. வங்காளிகள் இதனைச் சாயா என்பர். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். 1860-களில் பம்பாயில் வாழ்ந்து திரும்பிய ஞானதாநந்தினி தேவி, சாயாவும் ரவிக்கையும் அணிந்து சேலை கட்டும் முறையை வங்க மாதரிடையே பரப்பினார். சுருக்கம் மிகுந்தால் சேலை உப்பிக்கொள்ளும். ஆகவே இதற்குத்தான் சரிவுத் துண்டுகள்.

இடை 30 அங்குலம், கீழ்ச்சுற்று 72, உயரம் 36 என்று கொள்வோம். ஆறு துண்டுகளாயின், ஒன்றின் மேலகலம் 5, கீழகலம் 12. பழைய செய்தித்தாளை நெடுக மடித்து, மடிப்பிலிருந்து மேலே இரண்டரை அங்குலமும் கீழே 6 அங்குலமும் குறித்து, இரு புள்ளிகளையும் கோட்டால் இணைக்கவும். பலரும் இத்துடன் நின்றுவிடுவர். இடைக்கு 8 அங்குலம் கீழே மடிப்பிலிருந்து கோடு வரை அளந்து பாருங்கள்: ஏறத்தாழ மூன்றேகால் அங்குலம். பன்னிரண்டால் பெருக்கினால் 39. உடுத்துவோரின் இடுப்பு அவ்விடத்தில் 37 எனில் நன்று. 41 எனில் உட்காரும்போது தையல் தெறிக்கும். அப்போது அப்புள்ளியை வெளியே நகர்த்தி, கோட்டை மெல்ல வளைத்து வரைய வேண்டும். பிறகே தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலமும், நாடாப்பட்டிக்கு மேலே ஒன்றும், கீழ்மடிப்புக்கு இரண்டும் கூட்டுவது.

இனித் துணிக்கணக்கு. 36 அங்குல அகலத் துணியில் இத்தகைய மூன்று துண்டுகளை ஒரே திசையில் அடுக்க இடம் போதாது. வரிசைக்கு இரண்டுதான் அமையும். ஆறுக்கும் மூன்று வரிசை, ஏறக்குறைய 3 மீட்டர். நடுத்துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலோ மூன்றும் அடங்கும்; 2 மீட்டரில் வேலை முடிந்துவிடும்.

இவ்வித்தையைக் கண்ணால் காண விரும்புவோர் மட்டியாபுருஜுக்குச் செல்லலாம். 1856-இல் அரசிழந்து வந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா தங்கிய இடம் அது. அவருடன் தையற்கலைஞரும் வந்தனர் என்பர். இன்று அது பெரிய ஆயத்த ஆடைச் சந்தை. அங்கே ஒஸ்தாகர் எனப்படும் வெட்டுக் கலைஞர்கள் வைத்திருக்கும் அட்டைப் படிவங்களும் நம் செய்தித்தாளும் ஒரே இனந்தான்.

ஒன்று நினைவிருக்கட்டும்: பூவும் கொடியும் மேல்நோக்கி அச்சிட்ட துணியில் துண்டைத் திருப்பி வைக்கலாகாது. அதற்கு 3 மீட்டரே வாங்க வேண்டும்.