எலும்புக்கு வெயில் வேண்டும்

மாணவ நண்பர்களே, காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவையோ, பெசன்ட் நகர் கடற்கரையையோ பார்த்திருக்கிறீர்களா? எத்தனை பேர் விறுவிறுப்பாக நடக்கிறார்கள்! "காலை இளவெயில் எலும்புக்குப் பலம்" என்று அவர்களில் பலர் சொல்வார்கள். நடப்பது நல்லதுதான். ஆனால் அந்த இளவெயிலால் எலும்புக்குக் கிடைக்கும் பயன் மிகவும் குறைவு. ஏன் என்று அறிய எலும்பு, கால்சியம், சூரியக் கதிர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எலும்பு எதனால் ஆனது?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் ஊறப் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் போனால் எலும்பு ரப்பர் போல வளையும். வினிகரிலுள்ள அமிலம் எலும்பின் கால்சியம் உப்புகளைக் கரைத்துவிட்டது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்.

இந்தக் கொலாஜன், மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் எடுத்துரைத்தவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கட்டடத்தில் இரும்புக் கம்பி இழுவிசையையும் கான்கிரீட் அமுக்கத்தையும் தாங்குவது போல, எலும்பில் கொலாஜனும் கால்சியம் உப்பும் வேலையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. கால்சியம் குறைந்த எலும்பு, கான்கிரீட் போடாத கம்பிக்கூடு.

கால்சியம் சேமிப்பு

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம்தான் இதயம் துடிக்கவும், தசை சுருங்கவும், இரத்தம் உறையவும் உதவுகிறது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவு சற்றுக் குறைந்தாலும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக் கொள்ளும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்திற்குக் கொடுக்கும். ஆகவே, இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாலேயே எலும்பும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சேமிப்பைக் கரைத்துச் செலவு செய்யும் குடும்பமும் வெளியே வசதியாகத்தானே தெரியும்?

குறைவை அறிவது எப்படி?

மெதுவாக வரும் குறைவு நெடுநாள் வெளியே தெரியாது. குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் என்னும் நோய் வந்தால் கால்கள் வில்லாக வளையும், மணிக்கட்டு பருக்கும். உங்கள் வயதினருக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி வரலாம். தரையிலிருந்து எழவும் மாடிப்படி ஏறவும் சிரமமாக இருக்கலாம்.

இரத்தத்திலேயே கால்சியம் குறைந்துவிட்டால் அடையாளங்கள் வேறு. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, அடிக்கடி தசைப்பிடிப்பு, விரல்கள் தாமாகக் குவிந்து மணிக்கட்டு மடங்குதல், சிலருக்கு வலிப்பு. இவை வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நகத்தில் தோன்றும் வெள்ளைப் புள்ளி கால்சியக் குறைவின் அடையாளம் அன்று. பெரும்பாலும் அது நகத்தில் பட்ட சிறு அடியின் தழும்பு.

வெயிலுக்கு என்ன வேலை?

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி தேவை. அது போதாவிட்டால் உண்ணும் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே உடலில் சேரும். போதுமானால் 30 சதவீதத்துக்கு மேல் சேரும். இந்த வைட்டமினை நம் தோலே தயாரிக்கிறது. அதற்கு ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் வேண்டும். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் ஒளியாலேயே குணப்படுத்திக் காட்டினார்.

சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் கதிர் காற்று மண்டலத்தில் சாய்வாக நெடுந்தூரம் வருகிறது. வழியிலுள்ள ஓசோன் இக்கதிர்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இதை அறிய எளிய விதி ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் வைட்டமின் டி அதிகம் கிடைக்காது.

சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட இங்கே சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். அன்று லண்டனில் 15 டிகிரிதான். நம் ஊரில் மார்ச் மாதம் காலை ஒன்பதேகால் மணியளவிலும், டிசம்பரில் பத்தேகால் மணியளவிலும் நிழல் நம் உயரத்துக்குச் சமமாகிறது. ஆறு மணி நடையில் நிழல் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள்! சன்னல் கண்ணாடியும் இக்கதிர்களைத் தடுத்துவிடும். தியாகராய நகர் அடுக்குமாடி வீட்டிலிருந்து வேனில் பள்ளிக்குச் சென்று, வகுப்பு முடிந்ததும் தனிப்பயிற்சிக்கு ஓடும் மாணவருக்கு, இத்தனை வெயில் அடிக்கும் ஊரிலும் குறைவு வருவதில் வியப்பில்லை.

என்ன செய்யலாம்?

உங்கள் வயதில் நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. அதே எடையுள்ள கேழ்வரகில் சுமார் 350. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 கிடைக்கும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் நல்லவை. வெற்றிலைச் சுண்ணாம்பிலும் கால்சியம் உண்டு. ஆனால் பாக்கு வாய்ப்புற்று நோய்க்குக் காரணமாவதால் அந்த வழி வேண்டாம்.

வாரத்தில் சில நாளாவது முற்பகலில் இருபது, முப்பது நிமிடம் கை கால்களில் வெயில் படும்படி விளையாடுங்கள். கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதைத் தவிர்த்து விடுங்கள்.

மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதமே கால்சியம். 1250 மில்லிகிராம் மாத்திரை 500 மில்லிகிராம்தான் கொடுக்கும். அதை உணவோடு சாப்பிட வேண்டும்; பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. வைட்டமின் டி-யைத் தாமே வாங்கி அளவு மீறிச் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடும்.

நாளை இடைவேளையில் மைதானத்தில் நின்று உங்கள் நிழலை நண்பரைக் கொண்டு அளந்து பாருங்கள். நேரத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதே நேரத்தில் அளந்தால், பூமியின் சாய்வும் உங்கள் எலும்பின் தேவையும் ஒரே அட்டவணையில் கிடைக்கும்.