தாரா பிரசாத்: எட்டாம் இடத்தின் கணக்கு

கமலா ஹாரிஸ் ஜெயிக்கணும்னு துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்து பூஜை போட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். தமிழ் வேர் உள்ள ஒருவர் வேறு நாட்டில் மேலே போனால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. எதிர்த்திசையில் வந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. தாரா பிரசாத் அப்படி வந்தவர். அவரைப் பற்றிச் சேர்த்த குறிப்புகளை இங்கே தருகிறேன்.

தாரா 2000-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். ஐஸ் மேல் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. 2019-இல் இந்தியக் குடியுரிமைக்கு மாறினார். மூன்று முறை தேசிய சாம்பியன். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாம் இடம். "எட்டாவதுதானா?" என்று கேட்பவர்களுக்காக இரண்டு விஷயங்களை விளக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மதிப்பெண், இன்னொன்று பாஸ்போர்ட்.

முதலில் மதிப்பெண். பெண்கள் தனிநபர் போட்டியில் இரண்டு ஆட்டங்கள். குறும் ஆட்டம் 2 நிமிடம் 40 விநாடி, நீண்ட ஆட்டம் 4 நிமிடம். ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. 'ட்ரிப்பிள் லட்ஸ்' என்ற தாவலை எடுத்துக்கொள்வோம். காற்றில் மூன்று முழுச்சுற்று, அதற்குக் கிடைக்கும் நேரம் முக்கால் விநாடிகூட இல்லை. அடிப்படை மதிப்பு 5.9. நடுவர்கள் இதன் தரத்துக்கு -5 முதல் +5 வரை போடுவார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். எல்லோரும் +5 போட்டால் 8.85. கீழே விழுந்தால் தரத்தில் 2.95 போய், விழுந்ததற்குத் தனியாக 1 கழிந்து, மிச்சம் 1.95. சுற்று கால் பாகத்துக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பே 80 சதவீதமாகிவிடும். சரியாக இறங்கினாரா, சறுக்கினாரா என்பதில் மட்டும் ஏழு மதிப்பெண் வித்தியாசம்! ஹார்பினில் தங்கம் வாங்கிய தென்கொரியாவின் கிம் சே-யோன், வெள்ளி வாங்கிய ஜப்பானின் சகாமோட்டோ எல்லாம் உலகப் பதக்கக்காரர்கள். அந்த வரிசையில் எட்டாவது என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தத் துல்லியம் வர தினமும் மணிக்கணக்கில் ஐஸ் வேண்டும். முழு அளவு ரிங்க் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஐஸை மைனஸ் நாலைந்து டிகிரியில் வருஷம் முழுக்க வைத்திருக்க வேண்டும். எங்கள் திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியது. மூலவர் சன்னதியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அதே தண்ணீரை இந்த அளவில் உறையவைக்க எவ்வளவு கரன்ட் ஆகும்னு கணக்குப் போட்டால், தமிழ்நாட்டில் ஏன் ஒலிம்பிக் அளவு ரிங்க் ஒன்றுகூட இல்லை என்பது புரியும். சிம்லாவின் பழைய திறந்தவெளி ரிங்க் குளிர்காலத்தில் மட்டும்தான். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய உள்ளரங்க ரிங்க் பல வருஷம் மூடிக் கிடந்து, 2025-இல்தான் மறுபடி திறந்தது. ஆக, இங்கே பிறந்த குழந்தைக்கு ஐஸ் இல்லை. ஐஸ் உள்ள ஊரில் பிறந்த குழந்தைக்கு நம் பாஸ்போர்ட் இல்லை.

இரண்டாவது விஷயம் அந்தப் பாஸ்போர்ட்தான். 2008 கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒரு கொள்கை கொண்டுவந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள்தான் இந்தியாவுக்கு ஆடலாம். விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமெரிக்கக் குடிமகன். அதற்கு முன் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியவர். கொள்கை வந்தபின் அந்தக் கதவு மூடிவிட்டது. நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. எங்கள் தெருவில் லீவுக்கு வரும் பேரன் பேத்திகள் கையில் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டை விசாவுக்குத்தான் உதவும், ஓட்டுக்கும் இந்திய ஜெர்சிக்கும் உதவாது. ஜெர்சி வேண்டுமென்றால் அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டும். விட்டபின், பிறந்த ஊருக்கே விசா வாங்கித்தான் போக முடியும். அந்த நீலப் பாஸ்போர்ட்டுக்காக நம் ஆட்கள் கிரீன் கார்டு வரிசையில் எத்தனை வருஷம் நிற்கிறார்கள் என்று ஐ.டி. துறையில் இருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு பெண் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

பலன்? 2026 மிலான் ஒலிம்பிக்கில் பெண்கள் தனிநபர் பிரிவில் இருந்ததே 29 இடம். 24 இடம் 2025 உலகச் சாம்பியன்ஷிப் வழியாக, மீதி 5 பெய்ஜிங் தகுதிப் போட்டி வழியாக. இந்தியாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மிலான் போன இந்திய அணியில் இருந்த இரண்டு பேரும் பனிச்சறுக்கு வீரர்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியா இதுவரை ஒலிம்பிக் ஐஸில் கால் வைத்ததே இல்லை.

அதனால் இதை வெற்றிக் கதை என்று எழுத எனக்கு மனசில்லை. தோல்வி என்றும் சொல்ல மாட்டேன். ஹார்பின் முடிவுப் பட்டியலில் எட்டாவது பெயருக்குப் பக்கத்தில் இந்தியா என்று இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை எந்த மதிப்பெண் அட்டையிலும் வராது. அடுத்த தடவை "இந்திய வம்சாவளி" என்று செய்தி வந்தால், வம்சாவளியிலிருந்து இந்தியராகவே மாறிய இந்தப் பெயரையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.