நீலச் சட்டையில் அண்ணல்

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் இளைஞர் மன்றங்களில் முதலில் கிளம்புவது பனியன் பேச்சுதான். நீலத்தில் அண்ணல் படம், கீழே தெருவின் பெயர், ஆளுக்கு இவ்வளவு என்று வசூல். அந்தப் பணம் நகரத்து அச்சுக் கடைக்குப் போய்விடுகிறது. திருப்பூர் பிரிண்டிங் மேசைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள்; பட்டறை நம்முடையதாக இருப்பதுதான் அரிது.

வேலை ஒன்றும் கம்ப சூத்திரமல்ல. பிரேமில் வலைத்துணியை இறுக்கிக் கட்டி, வெளிச்சம் படாத அறையில் எமல்ஷன் பூசிக் காயவைக்கிறார்கள். படம் கறுப்பாக உள்ள பிலிமை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவப் போய்விடும். அண்ணலின் கண்ணாடியும் கோட்டும் டையும் வலையில் திறந்து நிற்கும். பனியன்மேல் பிரேமை வைத்து ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் படம் துணியில் இறங்கும்.

ஒரு நிறத்துக்கு ஒரு பிரேம். இருபது பனியன் அடித்தாலும் இருநூறு அடித்தாலும் பிரேம் செலவு அதேதான். தெருவுக்குத் தெரு தனித்தனியாக ஆர்டர் கொடுப்பதில் நமக்கு நட்டம். படத்துக்கு ஒரு பிரேம், தெருப் பெயர்களுக்கு மட்டும் சிறு பிரேம்கள் என்று நாலைந்து ஊர் சேர்ந்து கேட்டால் விலை இறங்கும். நீலத் துணியில் பல வண்ணப் படம் வேண்டுமென்றால் முதலில் வெள்ளை அடித்து அதன்மேல்தான் மற்ற நிறங்கள்; இல்லையேல் முகம் மங்கிவிடும். வெள்ளைக் கோட்டுப் படம் ஒரே அடியில் முடியும். நம் கண்ணுக்கு அதுவே கம்பீரமும்கூட.

சூடு காட்டுவதில்தான் ஏமாற்று நடக்கிறது. பிளாஸ்டிசால் மை முழுதாகப் பிடிக்க ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவசரத்தில் அரைகுறையாகக் காட்டித் தந்தால், நாலு துவைப்பில் அண்ணலின் கண்ணாடி உதிரும். இந்தச் சட்டையைப் போட்டதற்காகவே முறைப்புக்கும் அடிக்கும் ஆளாகும் ஊர்கள் இருக்கும்போது, அது நாலு மாதமாவது நிற்க வேண்டாமா?

சொந்தப் பட்டறை நினைப்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். இந்த ஆண்டு வெளியில் கொடுப்பவர்கள் பிரேமை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 6க்கு அதே படம் மறுபடி உதவும்.