ஆபீஸ் லேப்டாப்போடு டூர் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து தெற்கே போகும் இரவு ரயில்களில், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒரு பெர்த்தாவது ஆபீஸாகிவிடுகிறது. மறுநாள் காலை மதுரையில் டீலரைப் பார்க்க வேண்டியவர், மடியில் லேப்டாப்போடு கொட்டேஷனைத் திருத்திக்கொண்டிருப்பார். அவருக்கு நேரம் குறைவு. 10 மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வார்கள். 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பிளக்குகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு. தீவிபத்து அச்சம்தான் காரணம். சிக்னல் ஊருக்கு ஊர் வந்து போகும். தேவையான ஃபைல்களை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு, நெட் இல்லாமல் முடிகிற வேலையை மட்டும் ரயிலுக்கு ஒதுக்குங்கள்.

ஸ்டேஷனில் ரெயில்வயர் வைஃபை முதல் அரை மணி நேரம் இலவசம். மெயில் பார்க்க அது போதும். ஆனால் அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபையைத் திறந்து வைக்கலாம். இலவச இணைப்புக்கு மெயில் பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். வங்கி வேலைக்குச் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்தான் நல்லது. அதையும் மீறிப் பணம் போய்விட்டால், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் வண்டியிலிருந்தே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி.

பெரிய தலைவலி, லேப்டாப் திருடுபோவது. விடியற்காலை ஏதோ ஒரு ஜங்ஷனில் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். விழித்துப் பார்த்தால் பை இருக்காது. இதற்காக இறங்கிப் போலீஸ் ஸ்டேஷனைத் தேட வேண்டியதில்லை, பயணத்தை முறிக்கவும் வேண்டாம். ரயில்வே உதவி எண் 139-இல் சொல்லுங்கள். டிக்கெட் பரிசோதகர், ரயில் கார்டு, பாதுகாப்புக்கு வரும் போலீசார் ஆகியோரிடம் புகார்ப் படிவம் இருக்கும். எழுதிக் கொடுத்தால் ரயில்வே போலீசுக்குப் போய்ச் சேரும். திருட்டு நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று எந்தக் காவல் நிலையமும் தட்டிக்கழிக்க முடியாது. லேப்டாப்பின் சீரியல் எண்ணை முன்பே போனில் படமெடுத்து வைத்திருந்தால் புகாருக்கு வலு கூடும்.

ரயில்வே நஷ்டஈடு தரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த ஒருவருக்கு நுகர்வோர் மன்றங்கள் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லின. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பயணி தன் வசம் வைத்திருக்கும் பொருள் திருடுபோவது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்றது. ஊழியர்களின் அலட்சியத்தை நிரூபித்தால்தான் பொறுப்பு. கீழ் பெர்த்துக்கு அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்து ஆபீஸ். “மிஷின் விலையைச் சம்பளத்தில் கழிச்சுக்கறோம்” என்று எச்.ஆர். மெயில் போடலாம். பலர் பயந்துபோய்ச் சரி என்று விடுகிறார்கள். அங்கேதான் தவறு. ஒப்படைத்த பொருள் தொலைந்தது ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக நடந்ததாக இருக்க வேண்டும். அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் பிடித்தம் செய்யக் கூடாது. பிடிக்கும் தொகை நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்வது இது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகவும் கூடாது. பை பூட்டியிருந்தது, அன்றிரவே புகார் கொடுத்தேன் என்று காட்ட முடிந்தால் உங்கள் விளக்கம் நிற்கும். புகார் நகல் கையில் வேண்டும் என்பது இதற்காகவே.



இன்னொன்று, டூர் ஆர்டர். மேனேஜர் போனில் “கிளம்பு” என்றால் கிளம்பிவிடுகிறோம். வழியில் விபத்து நடந்தால் அது வேலை நிமித்தமான பயணமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இஎஸ்ஐயில் இருப்பவர் அங்கே கோர வேண்டும். இல்லாதவர், ஊழியர் இழப்பீட்டு விதிகளுக்குள் வருபவராக இருந்தால், தொழிலாளர் துணை ஆணையரிடம் போகலாம். இரண்டு இடத்திலும் கேட்பது ஆதாரம். எனவே கிளம்புமுன் இரண்டு வரி: “நீங்கள் சொன்னபடி இன்றிரவு மதுரை கிளம்புகிறேன், நாளை டீலர் சந்திப்பு, மறுநாள் திரும்புகிறேன்.” மேனேஜரிடமிருந்து ஓகே வந்ததும் அந்த மெயிலைச் சொந்த போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். லேப்டாப் போனாலும் அது இருக்கும்.