உலாவியும் ஓடாத காணொளியும்

ஒரே இணைப்பு, ஒரே காணொளி, கணினிகள் மட்டுமே இரண்டு. ஒன்றிலே படம் தங்குதடையின்றி ஓடுகின்றது. மற்றொன்றிலே கருஞ்சதுரமொன்று தோன்றி வாளாவிருக்கின்றது. இதனைக் காணாத வீடு இன்று எமது தீவுப்பகுதியில் அரிது. ‘இணையம் மெதுவு’ என்று ஒருவரும், ‘கணினியில் வைரசு’ என்று இன்னொருவரும் சொல்லி அமைவர். பெரும்பாலும் இவ்விரண்டும் காரணமல்ல. அனுப்புவோர் கையாளும் குறிமுறையை, பெறுகின்ற உலாவி அறியாமையே காரணம். இவ்வறியாமை எவ்வாறு நேர்ந்ததென்பதையும், அதனை எவ்வளவுக்கு நாம் நீக்கிக்கொள்ளலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இஃது வீண் பொழுதுபோக்கைப் பற்றிய ஆராய்ச்சி என எவரும் கருதற்க. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வியமைச்சின் ஈ-தக்சலாவத் தளமும், ஆசிரியர்கள் தாமே பதிவுசெய்து அனுப்பிய பாடங்களுமே மாணாக்கர் பலருக்கு வகுப்பறையாயின. மறுபுறம், ஆனி மாதத்து நயினாதீவு நாகபூஷணி அம்மன் பெருந்திருவிழாவையும், 25 நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவையும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து காண்போர் எத்துணையோ பேர். பயணஞ்செய்ய இயலாத முதியவளொருத்திக்கு அச்சிறு திரையே தேர்முட்டி. ஊரிலே நிகழும் தந்தையின் இறுதிக்கிரியையைக் கடல்கடந்த மகன் காண்பதும் இவ்வழியேதான். அந்நேரத்தில் ஓடாத படம் மறுநாள் ஓடி என்ன பயன்?

காணொளி என்பது யாது? நொடிக்கு 25 நிழற்படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுதலே. ஒரு படம் அகலத்தில் 1920 புள்ளியும் உயரத்தில் 1080 புள்ளியும் உடையதெனவும், ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைற்று வேண்டுமெனவும் கொள்வோம். பெருக்கிப் பார்ப்பின் நொடியொன்றுக்கு 15 கோடியே 55 இலட்சம் பைற்று, அஃதாவது ஏறக்குறைய 1,244 மெகாபிற்று வரும். எமது வீடுகளை எட்டும் இணைப்பெதுவும் இச்சுமையைத் தாங்காது. ஆதலின் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றனர். தேரோட்டத்தை எண்ணிப் பார்க்க. கோபுரமும் மதிலும் அசைவதில்லை. தேரும் மக்களுமே அசைகின்றனர். முதற்படத்தை முழுமையாக அனுப்பி, அடுத்து வருவனவற்றில் ‘இத்துண்டு இத்தனை புள்ளி வலப்புறம் நகர்ந்தது’ என்னும் செய்தியை மட்டும் அனுப்பினாற் போதுமன்றோ? இவ்வாறு 1,244 மெகாபிற்று சில மெகாபிற்றாகக் குறைகின்றது. இச்சுருக்கும் முறையையே கோடெக் என்பர். யாம் குறிமுறை என்போம். சுருக்கியவாறே விரிக்கத் தெரிந்தவனிடத்து மட்டுமே படம் மீண்டும் படமாகும்.

குறிமுறை வேறு, கோப்பு வேறு. எம்.பி.4 என்பது கோப்பின் பெயரேயன்றிக் குறிமுறையின் பெயரன்று. மூடிய ஓலைப்பெட்டியைப் பார்த்து உள்ளே பனாட்டு இருக்கின்றதோ ஒடியல் இருக்கின்றதோ என்று கூறல் இயலாது. அவ்வாறே எம்.பி.4 என்னும் பெட்டிக்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ஏ.வி.1 உம் இருக்கலாம். ‘நேற்று ஒரு எம்.பி.4 ஓடியதே, இன்று ஏன் ஓடவில்லை?’ என்று மாணவன் வினவும்போது விடை இங்கேதான் உளது.

வையவிரிவலை தோன்றிய காலத்தில் உலாவிக்குப் படம் ஓட்டத் தெரியாது. எழுத்தையும், சிறிது பிற்காலத்தில் நிலைப்படத்தையும் காட்டுதலே அதன் தொழிலாயிருந்தது. ஆகவே வெளியாரொருவரைக் கூலிக்கு அமர்த்தியதுபோலச் செருகுநிரல்கள் வந்தன. 1996 இல் மக்ரோமீடியா வெளியிட்டு, 2005 இல் அடோபி நிறுவனத்தின் கைக்கு மாறிய பிளாஷ் அவற்றுள் தலையாயது. 2005 இல் தோன்றிய யூரியூப் உலகெங்கும் பரவியது பிளாஷின் முதுகிலேறியே. எந்த உலாவியாயினும் பிளாஷ் இருந்தாற் போதும், படம் ஓடும். இஃது அதன் நலம். ஒரே கொம்பனியின் பூட்டைத் திறந்தால் உலகத்துக் கணினிகளெல்லாம் கள்வனுக்குத் திறந்துவிடும். இஃது அதன் கேடு. 2010 ஏப்பிரலில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்ரீவ் ஜொப்ஸ், ஐபோனிலே பிளாஷுக்கு இடமில்லை என வெளிப்படையாக எழுதினார். 2015 சனவரியில் யூரியூப்பும் பிளாஷைக் கைவிட்டு உலாவியின் சொந்த ஆற்றலுக்கு மாறியது. 2020 திசெம்பர் 31 இல் அடோபி அதன் ஆதரவை நிறுத்தி, 2021 சனவரி 12 முதல் அது இயங்காதவாறும் செய்தது. பிளாஷிலே ஆக்கப்பட்டிருந்த பாட அசைவுப்படங்களும் மொழிப் பயிற்சிகளும் ஒரே நாளில் ஊமையாயின. பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாயிருந்த அதே காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நோக்குக. நன்னெஞ்சர் சிலர் இயற்றிய ரபிள் என்னும் இலவச மென்பொருளினால் பழைய பிளாஷ் கோப்புக்கள் பலவற்றை இன்றும் உயிர்ப்பிக்கலாம். பழைய இறுவட்டுக்களை எறியும் முன்னர் ஆசிரியர்கள் இதனை நினைப்பாராக.

செருகுநிரல் ஒழிந்தது, அதனோடு சண்டையும் ஒழிந்ததோ எனின், இல்லை. உலாவி தானே படத்தை ஓட்டுவதாயின் எக்குறிமுறையில் ஓட்டுவது? 2003 இல் நியமமாகிய எச்.264 சிறந்தது, ஆனாற் காப்புரிமைக் கட்டணம் உடையது. இலவசமான தியோரா என்னும் குறிமுறையைப் பரிந்துரைத்த வாசகம் 2007 திசெம்பரில் எச்.ரி.எம்.எல். 5 வரைவிலிருந்து நீக்கப்பட்டது. எக்குறிமுறையையும் கட்டாயமாக்காமலே நியமம் வெளிவந்தது. இதுவே நோயின் மூலம் என்பது எமது துணிபு. அப்பிளும் மைக்குரோசொவ்ற்றும் எச்.264 இன் பக்கம் நின்றன. கட்டணம் செலுத்த மறுத்த மொசில்லாவின் பயர்பொக்ஸ் எதிர்ப்பக்கம் நின்றது. கூகிள் 2010 இல் வி.பி.8 ஐ இலவசமாக வழங்கியது. ஒரே பாடத்தை இரு குறிமுறையிற் பதிவுசெய்து வைக்கவேண்டிய காலமும் இருந்தது. 2013 இல் சிஸ்கோ என்னும் நிறுவனம் கட்டணத்தைத் தானே ஏற்று எச்.264 விரிப்பானை வழங்க முன்வந்த பின்னரே பிணக்கு ஒருவாறு தணிந்தது.

இதே நோயை எமது எழுத்து முன்னரே பட்டிருக்கின்றது. பாமினியில் எழுதியதை வேறெழுத்துருவில் திறப்பின் குப்பையாகத் தோன்றிய நாளை மூத்த வாசகர் அறிவர். இயங்கு எழுத்துருக்களை நெற்ஸ்கேப்புக்கு ஒருவிதமாகவும் இன்ரர்நெற் எக்ஸ்புளோரருக்கு வேறொருவிதமாகவும் ஆக்கவேண்டியிருந்தது. யுனிக்கோட்டு என்னும் பொதுக்குறி வேரூன்றிய பின்னரே தமிழ் எவ்வுலாவியிலும் தமிழாகத் தெரிந்தது.

திரைப்படங்களைக் கட்டணத்துக்குக் காட்டும் தளங்களின் பூட்டு இன்னொரு தடை. கூகிளின் வைட்வைன், அப்பிளின் பெயர்பிளே, மைக்குரோசொவ்ற்றின் பிளேரெடி என மூன்று திறவுகோல்கள் உள. உலாவிக்கேற்ற கோல் இன்றேல் கதவு திறவாது. இதற்கான இடைமுகம் 2017 இல் நியமமாக ஏற்கப்பட்டபோது எதிர்ப்பும் பலமாயெழுந்தது. பாடங்களுக்கு இப்பூட்டு வேண்டுவதன்று, ஆதலின் மேற்செல்வோம்.

எம்மூர்களை மிகுதியும் வருத்துவது கணினியின் முதுமை. புலம்பெயர்ந்த அன்பர்கள் நூல்நிலையங்களுக்கும் பாடசாலைகளுக்கும் உவந்தளித்த கணினிகள் பல, பழைய விண்டோசு உடையன. குரோமின் 49 ஆம் பதிப்பே விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கிய கடைசிப் பதிப்பு; 2023 இல் வெளியான 109 ஆம் பதிப்பே விண்டோஸ் 7 இற்குக் கடைசி. உலாவி வளராது நிற்கத் தளங்களோ வளர்ந்துகொண்டே செல்லும். அத்தகைய கணினிக்கு இலவசமான லினக்சு இயங்குதளத்தை ஏற்றினாற் புதிய உலாவியும் உடன்வரும். பொறியைக் குப்பையில் இடுமுன் இதனைச் செய்து பார்த்தல் தகும்.

பாடம் பதிவுசெய்யும் ஆசிரியர் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. 2017 தொடக்கம் ஐபோன்கள், மாற்றாதுவிடின், எச்.265 குறிமுறையிற் பதிவுசெய்கின்றன. குரோம் 2022 இலேதான் அதனை ஏற்றது. அதுவும் கணினியின் வன்பொருள் உதவினால் மட்டுமே. ஆசிரியர் கையில் அழகாக ஓடிய பாடம் மாணவன் கணினியில் ஒலியாக மட்டும் வருவது இதனாலேயே. கமராவின் அமைப்பிற் சென்று வடிவம் என்பதன்கீழ், யாவற்றுக்கும் பொருந்துவதைத் தெரிவுசெய்யின் எச்.264 இற் பதிவாகும். கோப்புச் சற்றுப் பெருக்கும். ஆயினும் 480 வரியளவிற் சுருக்கி அனுப்பினால் கரும்பலகை எழுத்து வாசிக்கப் போதும், மாணவனின் டேற்றாவும் மிஞ்சும்.

எல்லாம் சரியாயிருந்தும் எத்தளமும் திறவாது, ‘இணைப்புப் பாதுகாப்பற்றது’ என்று உலாவி அறிவிக்குமாயின், திரையின் மூலையிலுள்ள திகதியைப் பார்க்க. கணினியின் உள்ளே சி.ஆர்.2032 என்னும் காசளவான மின்கலமொன்று உண்டு. அது செத்துவிட்டால், மின்சாரம் நின்று வருந்தோறும் கணினியின் நாள் பல ஆண்டு பின்னே சென்றுவிடும். தளங்கள் தத்தம் மெய்ம்மையை நாட்டக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் உள. பழைய திகதியில் வாழும் உலாவிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத சான்றிதழே, ஆதலின் மறுக்கின்றது. இவ்விடத்துக் குற்றம் குறிமுறையினதுமன்று, இணைப்பினதுமன்று. திகதியைத் திருத்தினால் அன்றைக்குப் போதும். மறுநாளும் ஓடவேண்டுமாயின், கடையில் மணிக்கூட்டுக்கு வாங்குவதுபோல அம்மின்கலம் ஒன்றை வாங்கி, கணினியின் மின்னிணைப்பைக் கழற்றிய பின்னர் மாற்றிவிடுக.